பூட்ட மறந்த அலமாரி



மூன்று வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து எழுத்தை எழுதவைப்பதே கல்வியின் தொடக்கம் என்னும் எண்ணம் பல இல்லங்களில் நிலவுகிறது. அதற்கு முன்பே குழந்தை தானாகக் கற்று வருகிறது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி.

1907 சனவரி 6ஆம் நாள், உரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கப்பெற்றது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றிருந்த ஏறத்தாழ 50 சிறுவர் அங்குச் சேர்ந்தனர். பயிற்சிப் பொருள்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, வேண்டும்போது எடுத்துத் தருவது ஆசிரியையின் வழக்கம். ஒருநாள் அவர் பூட்ட மறந்தார். மறுநாள் வரவும் தாமதமாயிற்று. வந்து பார்த்தபோது, குழந்தைகள் தாமே பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டு எனக் கருதினார். மாண்டிசோரியோ, தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் எனக் கண்டார். பின்னர், குழந்தைகளின் கைக்கு எட்டும் திறந்த அலமாரிகள் அமைக்கப்பட்டன.

அங்கே சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக 40 முறைக்கு மேல் செய்தாள். சுற்றியிருந்தோரைப் பாடச் செய்தும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. முடித்தபோது அவள் முகத்தில் சோர்வில்லை; மகிழ்ச்சியே இருந்தது.

குழந்தையின் விருப்பத்துக்கு இடமளிப்பது, அதனைக் கட்டுப்பாடின்றி விடுவதன்று. அலமாரியில் எவை இருக்க வேண்டும் என முடிவு செய்பவர் பெரியவர். அவற்றுள் எதை எடுப்பது, எத்தனை முறை செய்வது என முடிவு செய்வது குழந்தை. எடுத்ததை இருந்த இடத்தில் வைப்பதும், பிறர் கையில் உள்ளதைப் பிடுங்காமல் காத்திருப்பதும் அங்கே விதிகள். உருளையைக் குழி மாற்றி வைத்தால், இறுதியில் ஓர் உருளை பொருந்தாமல் நின்று பிழையைக் காட்டிவிடும், அதட்டல் வேண்டுவதில்லை.

இம்முறை தமிழகத்துக்குப் புதியதன்று. 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

இல்லத்தில் இதற்குப் பெருஞ்செலவு இல்லை. எட்டும் உயரத்தில் ஒரு பலகை. அதன்மேல் சிறு செம்பு, இரண்டு குவளைகள், மடிக்கச் சில கைக்குட்டைகள், சிந்திய நீரைத் துடைக்க ஒரு துணி. அவ்வளவே போதும். குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே போட முயலும்போது, அவசரத்தில் தாயே போட்டுவிட்டால் சில நிமிடங்கள் மிஞ்சும். தன்னால் முடியும் என்று குழந்தை அறியும் வாய்ப்போ நழுவிப்போகும். நாளைக் காலை அந்தச் சில நிமிடங்களைக் குழந்தைக்கு விட்டுக்கொடுங்கள்.