பன்றிக்கு வயிறு நிறைந்தால் போதுமா?

(நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடன்பட்டுக் குட்டி வாங்கி வளர்க்கிறோம். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் தாராளமாகப் போடுறோம். ஆனாலும் விற்கும்போது எடை இல்லை, மிஞ்சுவது கடன்தான். ஏன்?

சதை வளரப் புரதம் வேண்டும். புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. செங்கல் குவிஞ்சு கிடந்தாலும் சீமெந்து இல்லேன்னா சுவர் எழும்புமா? அதுபோல ஒரு அமிலம் குறைந்தாலும் மற்றவை வீண். தானியத் தீனியில் முதலில் குறைவது லைசின். வளரும் கலப்பினக் குட்டிக்கு 100 கிலோ தீனியில் சுமார் 1 கிலோ லைசின் வேண்டும்; 100 கிலோ சோளத்தில் ஏறக்குறைய கால் கிலோதான் உண்டு. சோயாப் புண்ணாக்கிலும் மீன்தூளிலும் அது நிறைய இருக்கிறது. சோயா விதையை வேகவைக்காமல் கொடுக்காதீங்க. கருவாட்டுக் கழிவு போட்டால் உப்பு கூடும்; குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கடையில் விற்கும் லைசின் தூளை யோசித்து வாங்குவோம். கலப்பினம் வேகமாகச் சதை போடும். அதற்குக் குட்டிப் பருவத்தில் கொடுத்தால் பலன் உண்டு. நாட்டுப் பன்றி மெதுவாக வளர்ந்து கொழுப்புத்தான் கூடப் போடும். அதற்கு அதிகம் செலவழித்தால் காசு திரும்பாது. கலவை அளவை அரச கால்நடை வைத்தியரிடம் கேட்போம்.

2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கு வந்தது. எச்சில் சோற்றை நல்லாக் கொதிக்க வைக்காமல் ஊற்ற வேண்டாம்.

வந்தாறுமூலையில் 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானம் படிப்பிக்கிறாங்க. நம்ம பிள்ளைகளும் அங்கே போகட்டும்.

கொழுந்தைத் தினமும் நிறுக்கிறோம். குட்டியையும் மாசம் ஒருதரம் நிறுப்போம்.