குறிப்பில் உள்ள குறையும் பதவி உயர்வும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்னர் நம் பள்ளிவாசலின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. எதில் மிச்சம், எதில் குறைவு என்று நாம் கேட்டோம். செயலாளர் விளக்கம் அளித்தார். இதுபோன்றே, மாதச் சம்பளத்திற்குப் பணிபுரியும் நம் மஹல்லாவாசிகள் பலருக்கும் ஆண்டுதோறும் ஒரு கணக்கு வாசிக்கப்படுகிறது. அலுவலகங்களில் அதை அப்ரைசல் என்கிறார்கள். நாம் பணி மதிப்பீடு என்போம். அந்தக் கணக்கில் குறை எழுதப்பட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். காலணித் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிபவர். தாயார், மனைவி, இரு பிள்ளைகள், வாடகை வீடு. சூப்பர்வைசர் பதவியை எதிர்பார்த்திருந்தார். மதிப்பீட்டுத் தாளிலோ, 'வேலையில் குறையில்லை. பொறுப்பேற்று நடத்தும் திறன் போதாது' என்று எழுதியிருந்தார்கள்.

"ஹஜ்ரத், ஆறு வருட உழைப்புக்கு இதுதான் பலனா? ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்றார்.

"பொறுப்பேற்று நடத்தும் திறன் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் தம்பி?" என்று கேட்டோம்.

"தெரியவில்லை ஹஜ்ரத்."

"அவர்களிடம் கேட்டீர்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. பொருள் தெரியாத ஒரு வாக்கியத்திற்காகத் தம் குடும்பத்தின் வருவாயையே விட்டுவிட அவர் துணிந்திருந்தார்.

நாம் மதரஸாவில் ஹிப்ழு ஓதிய காலம் அப்போது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் உஸ்தாதிடம் சபக் ஒப்புவிக்க வேண்டும். தடுமாறிய இடத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு இடுவார். கோடு விழுந்ததே என்று வெட்கப்பட்டு, அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்த மாணவர்கள் மறுநாளும் அதே இடத்தில்தான் தடுமாறினார்கள். கோடிட்ட இடத்தையே இருபது தடவை ஓதிவந்தவர்கள் அடுத்த ஜுஸ்வுக்குச் சென்றார்கள். எந்த இடத்தில் உழைக்க வேண்டும் என்பதை அந்தக் கோடு அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது.

ஆகவே அந்த இளைஞரிடம் கடிதத்தைப் பத்து நாட்கள் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொன்னோம். அதன்பின் அவர் செய்தவற்றை உங்கள் பயனுக்காக வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவதாக, கோபம் தணிந்த பின்னர் மேலாளரிடம் நேரம் கேட்டுச் சென்றார். வாதாடுவதற்கு அன்று; "இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு. மேலாளர் சொன்னார்: "பழுதான காலணியை நீங்கள் சரியாகக் கண்டுபிடித்து ஒதுக்கி வைக்கிறீர்கள். ஆனால் தையல் பிரிவிடம் சொல்வதில்லை. அதே பழுது மாலைவரை திரும்பத் திரும்ப வருகிறது." தெளிவில்லாத ஒரு சொல், செய்யக்கூடிய ஒரு வேலையாக மாறியது.

இரண்டாவதாக, "சூப்பர்வைசராக இருப்பவர் வேறு என்னென்ன செய்ய வேண்டும்?" என்றும் கேட்டார். இக்கேள்வி மிக முக்கியமானது. இருக்கும் வேலையை நன்றாகச் செய்வது வேறு. மேல்பதவி கேட்கும் வேலைக்குத் தகுதி பெறுவது வேறு. பல ஆண்டுகள் ஒழுங்காக உழைத்தும் பலர் அதே இடத்தில் நின்றுவிடுவதற்கு, இவ்வேறுபாட்டை அவர்களுக்கு ஒருவரும் சொல்லாததே காரணம்.

மூன்றாவதாக, கேட்டவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். பழுதுகளை மணிவாரியாக ஒரு நோட்டில் குறித்து, உடனுக்குடன் தையல் பிரிவுக்குத் தெரிவித்தார். புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வேலை கற்றுக் கொடுத்தார். எல்லாக் குறைகளையும் ஒரே மாதத்தில் களைய முற்படுபவர் எதையும் களைவதில்லை.

நான்காவதாக, அடுத்த ஏப்ரல்வரை காத்திராமல், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த நோட்டுடன் சென்று, "மாற்றம் தெரிகிறதா?" என்று கேட்டார். நாம் செய்ததை மேலாளர் தாமாகவே நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது சரியன்று. அவருக்குக் கீழே பலர் இருக்கிறார்கள்.

"குறிப்பே அநியாயமானதாக இருந்தால்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது ஆதாரத்துடனும் மரியாதையுடனும் மறுப்பதே முறை. இதில் அரசு ஊழியர்களுக்கு ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. எல்லைச் சாலைகள் பணியில் இருந்த ஒரு செயற்பொறியாளர் மேல்பதவி பெற ஐந்தாண்டுக் குறிப்புகளும் 'மிக நன்று' என்று இருக்க வேண்டும். 1993-94-ஆம் ஆண்டுக் குறிப்பு மட்டும் 'நன்று' என்று இருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை; பதவி உயர்வும் போயிற்று. தேவ் தத் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், குறிப்பு நல்லதாயினும் குறையுடையதாயினும் ஒவ்வொன்றையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குறை தெரிந்தால்தான் திருத்திக்கொள்ள முடியும், தவறாயின் மறுக்க முடியும் என்பதே அதன் சாரம். ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். 'நன்று' என்ற ஒரு சொல், சொல்லப்படாததால், ஒருவரின் பணிக்காலத்தையே பாதித்துவிட்டது!

2009-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு முழு மதிப்பீட்டு அறிக்கையும் காட்டப்படுகிறது. மறுப்புத் தெரிவிக்கப் பதினைந்து நாட்கள் அவகாசம் உண்டு. அவ்வறிக்கையில் ஊழியர் தம் பணியைத் தாமே எழுதவேண்டிய பகுதியும் இருக்கிறது. நம் சகோதரர்கள் சிலர் அதில் 'கொடுத்த வேலையைச் செய்தேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாதீர்கள். என்ன செய்தீர்கள், எத்தனை செய்தீர்கள், எதனால் தடை ஏற்பட்டது என்று விவரமாக எழுதுங்கள். தனியார் நிறுவனங்களில் இருப்போரும் தம் பணியை மாதந்தோறும் குறித்துவைப்பது நல்லது.

கடையும் தொழிலும் நடத்தும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பணிபுரிபவரின் குறையை மற்றவரிடம் கூறாதீர்கள். அவரிடமே, தனிமையில், காலத்தோடு கூறுங்கள். ஆண்டு முழுவதும் மௌனமாக இருந்துவிட்டு, சம்பளம் உயர்த்தும் நாளில் மட்டும் குறைகளை அடுக்குவது நீதியாகாது.

பிறருக்கு உபதேசிக்கும் நாமும் இதில் தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகக் குழுவினர், "ஹஜ்ரத், பயான் இளைஞர்களுக்கு எட்டவில்லை" என்றனர். மனம் வருந்தி, இரண்டு மாதங்கள் எவரிடமும் விளக்கம் கேட்காமல் இருந்தோம். பின்னர் இளைஞர்கள் நால்வரை அழைத்துக் கேட்டபோது, "கருத்து நன்றாக இருக்கிறது ஹஜ்ரத், அரபுச் சொற்களுக்குத்தான் பொருள் தெரியவில்லை" என்றார்கள். மறு வாரமே திருத்தியிருக்கலாம். நம் மனவருத்தத்தால் ஜமாஅத்திற்கு இரண்டு மாத ஜும்ஆக்கள் வீணாயின.

அந்த இளைஞருக்கு இவ்வாண்டும் பதவி உயர்வு கிடைக்கவில்லை, இடம் காலியாகவில்லை. ஆயினும் சூப்பர்வைசர் ஒரு மாத விடுப்பில் சென்றபோது, அந்தப் பொறுப்பு இவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இவ்வருட மதிப்பீட்டுத் தாளில் அந்தப் பழைய வாக்கியம் இல்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டதாகவும் சொன்னார்.

அன்பிற்குரியவர்களே! உயர்வு நம் கையில் இல்லை. அதற்குத் தகுதியாவதற்கான முயற்சி நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் தாளில் ஒரு குறை எழுதப்பட்டால், "இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாருங்கள். அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.