பொறுப்பேற்கும் முதல் நாள்

 

 

சென்ற வாரம் மஃரிபுக்குப் பின் நமது மஹல்லாவின் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் பணிபுரியும் கம்பெனியில் 12 பேருக்கு அவரை மேலாளராக நியமித்திருக்கிறார்கள். வாழ்த்துச் சொன்னேன், அவர் முகத்திலோ மகிழ்ச்சி இல்லை. "ஹஜ்ரத்! அந்தப் 12 பேரில் ஒருவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு என் அத்தாவின் வயது. அவருக்கு நான் எப்படி உத்தரவு போடுவது?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கான விடை ஹிஜ்ரி 11இல், அதாவது கி.பி. 632இல், மதீனாவில் இருக்கிறது.

அண்ணலார் (ஸல்) அவர்கள் தமது இறுதி நாட்களில் ஷாம் எல்லையை நோக்கி ஒரு படையை ஆயத்தப்படுத்தினார்கள். அதற்குத் தளபதி உஸாமா பின் ஜைது (ரலி) அவர்கள். வயது ஏறத்தாழ 18. அவர்களின் கீழ் முதுபெரும் முஹாஜிர்களும் அன்சாரிகளும் இருந்தனர். சிலர் முணுமுணுத்தனர். முன்பு அவருடைய தந்தையின் தலைமையையும் நீங்கள் குறை கூறினீர்கள். தந்தை அதற்குத் தகுதியானவராகவே இருந்தார், மகனும் தகுதியானவரே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீஃபாவானார்கள். படையை வழியனுப்புகையில் உஸாமா குதிரையில் அமர்ந்திருக்க, கலீஃபா அருகில் நடந்து சென்றார்கள். கூச்சமடைந்த உஸாமா, தாங்கள் ஏறிக்கொள்ளுங்கள், இல்லையேல் நான் இறங்கிவிடுகிறேன் என்றார்கள். கலீஃபா இரண்டிற்கும் இசையவில்லை. அதுமட்டுமன்று, உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்மோடு விட்டுச் செல்லுமாறு அந்த வாலிபரிடம் அனுமதி கேட்டார்கள்! கட்டளையிடும் அதிகாரம் பெற்றவர்கள், அனுமதி கேட்டார்கள்.

இதில் இரு தரப்பாருக்கும் பாடமுண்டு. இறங்கிவிடத் துடித்தது உஸாமாவின் அதபு. இறங்காமல் பயணத்தைத் தொடர்ந்தது அவர்களின் பொறுப்பு. மூத்தவரை மதிப்பதென்பது பொறுப்பைக் கைவிடுவதன்று.

சகோதரர்களே! என் பிழை ஒன்றையும் சொல்கிறேன். 27 வயதில் ஓர் ஊருக்கு இமாமாகச் சென்றேன். அங்கிருந்த முஅத்தின் என்னிலும் மிக மூத்தவர். சென்ற முதல் நாளே அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல், ஃபஜ்ருடைய ஜமாஅத் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னதாக மாற்றிப் பலகையில் எழுதினேன். அவர் மௌனமாக இருந்தார். மறுநாள், இரவு வேலை முடிந்து வரும் ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு ஜமாஅத் தவறிப்போனது. பழைய நேரம் அவர்களுக்காகவே வைக்கப்பட்டிருந்தது. முதலில் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், பலகையையும் திருத்தினேன்.

எனவே அந்த வாலிபரிடம் கூறினேன்: "தம்பி! நாற்காலியில் அமர்வதற்கு முன் உங்கள் உஸ்தாதின் வீட்டுக்குச் செல்லுங்கள். அவருடைய துஆவைக் கேளுங்கள். முதல் சில வாரங்கள் எதையும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள்; ஒவ்வொருவரிடமும் வேலையின் விவரத்தைக் கேட்டறியுங்கள். அனைவரிடமும் மஷூரா செய்யுங்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் நீங்களே. தவறு கண்டால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். நற்பெயர் கிடைத்தால் சபையில் பகிர்ந்து கொடுங்கள். உறவினர், நண்பர் என்று எவருக்கும் சலுகை காட்டாதீர்கள். பதவி அமானிதம், கியாமத்தில் அந்தப் 12 பேரைப் பற்றியும் கேள்வியுண்டு."

பெரியோர்களே! உங்களைவிட இளையவர் உங்களுக்கு மேலாக நியமிக்கப்பட்டால், அவரைக் குதிரையிலிருந்து இழுக்காதீர்கள். கலீஃபாவைப் போல் அருகில் நடந்து செல்லுங்கள். அதனால் உங்கள் கண்ணியம் குறையாது.

வல்ல ரஹ்மான், பொறுப்பை அமானிதமாகப் பேணும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.