நம் தெருவும் ஒரு வகுப்பறை

(அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று உதவி பெறுவோரில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பில் ஒரு பகுதியைக் கல்லூரிக்குள் மட்டும் இருந்து கற்க முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் யார், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் யார் என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இந்த வேலையின் மதிப்பை உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள்; குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்த சுகாதாரப் பணியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையம்தான்.

2022 முதல், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமும் பாடத்தில் சேர்த்திருக்கிறது.

ஆனால் நம் மஹல்லாவில் மாணவிகள் கதவைத் தட்டினால், "வீட்டில் ஆம்பளைங்க இல்லை" என்று அனுப்பிவிடுகிறோம். கணக்கெடுப்பு என்றாலே நமக்கு அச்சம். அது காரணமில்லாமல் வந்ததல்ல. அடையாள அட்டையைக் கேளுங்கள். எதற்கு இந்தக் கேள்வி என்றும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் பெண்ணுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று இருமலை மறைக்காதீர்கள். பெரும்பாலும் 6 மாத மருந்தில், அதுவும் அரசு இலவசமாகத் தரும் மருந்தில், தீரும் நோய் அது. மறைத்தால் அதே அறையில் படுக்கும் பிள்ளைக்கும் பரவும்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டிரம்மில் கொசுப்புழு இருந்தால் அந்தத் தாயை அதட்டாதீர்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வது எளிது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று அவரோடு உட்கார்ந்து யோசிப்பதுதான் படிப்பு.

மாணவர்கள் வரும் நாளைப் பள்ளிவாசலில் முன்கூட்டியே அறிவிக்கவும், நம் பெண் தொண்டர் ஒருவரை உடன் அனுப்பவும் அறக்கட்டளை தயாராக இருக்கிறது. இன்று நம் வீட்டு வாசலில் கற்கும் பிள்ளைதான் நாளை வார்டில் நம் தாயைக் கவனிப்பார். அல்லாஹ் இப்பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாக்குவானாக, ஆமீன்.