பதிவான நாதமும் படியெடுக்கும் கருவியும்



மின் கிதார் பயிலும் இளைஞர் பலர்க்கு ஓர் ஆவல் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் இசைத்தட்டில் பதிவான ஒரு கிதாரின் நாதத்தை அப்படியே தம் அறையில் எழுப்பிவிட வேண்டும் என்பதே அது. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கணக்குகளாக மாற்றி வைத்திருக்கும் இலக்கமுறைக் கருவிகள் இதற்குத் துணைபுரிகின்றன. லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ என்னும் கருவி 1998-இல் வெளிவந்தது. இத்தகைய கருவிகள் எதைப் படியெடுக்கும், எதைப் படியெடுக்க மாட்டா என்பதை இன்று சிந்திப்போம்.

இசைத்தட்டில் நாம் கேட்பது கிதாரின் ஒலி மட்டுமன்று. விரல், தந்தி, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு, அதன்முன் வைத்த ஒலிவாங்கி, அறை ஆகிய அனைத்தும் கோத்த சங்கிலி அது. 1964-இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் பதினேழு வயது இளைஞர், சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். அதனால் எழுந்த கரகரப்பு ‘யூ ரியலி காட் மீ’ என்னும் பாடலின் அடையாளமாயிற்று. பொறியாளர்கள் நீக்க முயன்ற குறையைக் கலைஞர்கள் விரும்பிக் கைக்கொண்டனர். இன்று அக்குறையையே கணக்கிட்டுப் படைக்க வேண்டியிருக்கிறது.

அது எவ்வாறு இயலும்? பழுதற்ற ஒலிபெருக்கியும் அறையும் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் ஏறக்குறைய ஒரே விதமாக நடப்பவை. ஆகவே, ஒரு சோதனை ஒலியைச் செலுத்தி, ஒலிவாங்கி பெறுவதை அளந்து வைத்தால் போதும். ஆம்ப்ளிஃபயர் அத்தகையதன்று. மெல்ல மீட்டினால் தெளிவாக ஒலிக்கும். ஓங்கி மீட்டினால் அலையின் முகடு நசுங்கி, புதிய மேற்சுரங்கள் தோன்றும். எனவே கருவியானது நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை, உள்ளே வரும் ஒலிக்கு ஏற்ப வெளிவர வேண்டியதைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆயினும், சங்கிலியின் இரு முனைகள் கருவிக்கு எட்டாதவை.

முதல் முனை கை. குயின் குழுவின் பிரையன் மே, 1963-இல் தம் தந்தையாருடன் சேர்ந்து செய்யத் தொடங்கிய கிதாரை ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுபவர். அவர் பயன்படுத்திய ஆம்ப்ளிஃபயரைக் கருவியில் தேர்ந்தெடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் வில்லையால் மீட்டினால் அந்த நாதம் வாராது.

மறு முனை செவி. உரப்பு மாறும்போது தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் செவிக்கு ஒரே அளவில் மாறுவதில்லை என்பதை 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் அளந்து காட்டினர். ஆதலால் இசைத்தட்டையும் உங்கள் கிதாரையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிடுங்கள். இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்களைப் பெரிதும் நிரப்புவது பேஸ் கிதார். அந்தக் கனத்தையும் உங்கள் கிதாரிலேயே தேடினால் ஒலி குழம்பிவிடும். கரகரப்பையும் நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுக் குறைத்தே வையுங்கள்.

படியெடுத்தல் இழிவன்று. மேல்வரியைப் பார்த்து எழுதியே கையெழுத்துத் திருந்துகிறது. ஆனால் மேல்வரியை உற்றுப் பாராமல் விலையுயர்ந்த பேனாவை நாடுவதால் பயனில்லை. ஆகவே, குமிழைத் திருப்புமுன் அந்த இசைத்தட்டைப் பத்து முறை கேளுங்கள். எந்தத் தந்தி, எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தத்தில் மீட்டப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கருவியைத் தொடுங்கள்.