பத்து விரலுக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் வேலை

(டோர்செட் பார்க்கில் தாய்மாரும் மூத்தோரும் கூடிய ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு. கேட்டவர்கள் விரும்பியதால் புத்தாண்டு மலரில் எழுத்தில் தரப்படுகிறது.)

  

வீடு, தோட்டம், கைவேலை மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். இந்தத் தலைப்பைச் சொன்னவுடனே கனபேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இஞ்ச உதுக்கெல்லாம் எங்க நேரம்?" நியாயமான கேள்வி. தாய் காலை ஷிப்ட், தகப்பன் இரவு ஷிப்ட். நடுவிலே பள்ளிக்கூடம், சமையல், உடுப்புத் தோய்க்கிறது, சனிக்கிழமை தமிழ் வகுப்பு. நேரம் குறைவுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கோ. ஊரிலே எங்கள் தாய்மாருக்கு மட்டும் நேரம் இருந்ததா? கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், விறகு பொறுக்கினார்கள், மா இடித்தார்கள். அப்படியிருந்தும் வேலியிலே பாகற்கொடி படர்ந்தது, திண்ணையிலே பெட்டி இழைபட்டது. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காலம் வைத்திருந்தார்கள். எங்களுக்கு இங்கே குறைந்தது நேரம் மட்டுமல்ல, அந்தக் காலஒழுங்கும்தான். அதைத் திருப்பி எடுக்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஊர் ஒழுங்கைக் கொஞ்சம் நினைவுபடுத்துவோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது வயல்தான் வேலை. தை மாசியில் அறுவடை. பனங்கிழங்கு கிண்டுவதும் அந்த நாட்களில்தான். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவிட்டால் ஒடியல். ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். பிழிந்து பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் பனாட்டு. பிழிந்த கொட்டை வீணாகாது, பாத்தியில் அடுக்கினால் அடுத்த கிழங்கு.

இந்த வேலைகளுக்கு இடையிலே, வயல் ஓய்ந்த நாட்களில், மத்தியானச் சமையல் முடிந்தபிறகு பன்ன வேலை நடக்கும். சார்வோலையை வார்ந்து கடகம், சுளகு, தடுக்கு, நீத்துப்பெட்டி இழைப்பார்கள். கடகம் தோட்டத்துக்கு எரு சுமந்தது. சுளகு அரிசி புடைத்தது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிந்தது. தோட்டத்துக்கும் அடுப்புக்கும் வேண்டியதையே கை செய்தது. அதனால் அது வீட்டு வேலைக்கு மேலே வந்த பாரமாக இருக்கவில்லை, வீட்டு வேலையின் ஒரு பங்காக இருந்தது. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 இல்தான் அமைந்தது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே ஒவ்வொரு வளவும் தன் அளவில் ஒரு சபையாக இருந்தது.

இனி இங்கே வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஜூன் மாதத்துப் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணித்தியாலம், டிசம்பர் பகல் ஒன்பது மணித்தியாலம் கூட இல்லை. ஆறரை மணித்தியால வித்தியாசம்! இப்படி வெளிச்சம் மாறுகிற ஊரிலே பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வேலை செய்ய நினைத்தால் உடம்பும் களைக்கும், மனமும் களைக்கும். ஆகவே ஆண்டை இரண்டாகப் பிரியுங்கோ. ஒரு பாதி மண்ணுக்கு, மறுபாதி நூலுக்கு.

எங்கே பிரிப்பது? இந்த நாட்டு விடுமுறைகளே எல்லை காட்டுகின்றன. மே மாதத்து விக்ரோறியா டே வந்தால் உறைபனி பெரும்பாலும் போய்விடும். அப்போது கன்றுகளை வெளியே நடலாம். ஒக்ரோபரில் தாங்க்ஸ்கிவிங் வரும் கையோடு உறைபனி திரும்பவும் எட்டிப்பார்க்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் மண் வேலை. அந்த மாதங்களில் பெரிய தையல், பெரிய பின்னல் எதையும் புதிதாகத் தொடங்காதேங்கோ. அதுபோல மாரியில் தோட்டத்தை நினைத்துக் கவலைப்படாதேங்கோ, ஸ்னோவுக்குக் கீழே மண் நித்திரை கொள்ளட்டும்.

எங்கள் பண்டிகைகளும் இதற்குள் அழகாகப் பொருந்துகின்றன. சித்திரைப் புத்தாண்டு வரும்போது வெளியே மண் இன்னும் குளிர்தான். ஆனால் யன்னலோரம் விதை போட அதுதான் நேரம். மிளகாயும் கத்தரியும் மெல்ல வளருகிறவை, அவற்றைப் பங்குனியிலேயே சிறு கோப்பைகளில் போட்டிருக்க வேண்டும். பாகலும் புடலும் வேகமாக வளருகிறவை, அவற்றுக்குச் சித்திரைதான் சரி. பாகல் விதையின் கோது தடிப்பு. ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுப் போட்டால் முளைப்பது சுலபம். கன்று வெளியே போகுமுன் ஒரு கிழமை, பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்குங்கோ. திடீரென்று வெயிலிலும் காற்றிலும் விட்டால் வாடிவிடும்.

ஜூன் மாதம் முளைக்கீரையை நேரே மண்ணில் தூவலாம், நாலைந்து கிழமையில் சுண்டலாம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் ஊரில். இங்கே ஆடியில் பாகல் விதைத்தால் காய்க்குமுன் குளிர் பிடித்துவிடும். ஆனால் கீரை, வெந்தயம், கொத்தமல்லி இன்னுமொருமுறை போடலாம். செப்ரெம்பரில் இரவு வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே கொண்டுவாருங்கோ. ஒக்ரோபரில் உள்ளிப் பற்களை ஊன்றிவிட்டுக் கையைக் கழுவுங்கோ. அது ஸ்னோவுக்குக் கீழே கிடந்து அடுத்த ஆடியில் உள்ளியாக வரும்.

"எங்களுக்கு நிலம் எங்க?" என்று கேட்பீர்கள். அன்ட்ரிம் கிரசென்ட், கிளாமோர்கன் அவெனியூ பக்கத்துத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு வளவு இல்லைத்தான். தெற்கு அல்லது மேற்குப் பார்த்த பல்கனி இருந்தால், அடியில் துவாரமிட்ட இருபது லீற்றர் வாளி ஒன்றில் ஒரு மிளகாய்க் கன்று நன்றாகக் காய்க்கும். உயர்ந்த மாடிகளில் காற்றுப் பலம், ஆகவே தடி நட்டுக் கட்டுங்கோ. கம்பிக்கு வெளியே சாடி தூக்க வேண்டாம், கட்டடத்துச் சட்டத்தையும் கேட்டுப் பாருங்கோ. கொஞ்சம் பெரிதாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு நகரசபையின் வாடகைத் தோட்டத்துண்டுகள் உண்டு. ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகும் பெரிய மின்கம்பிப் பாதையை, 2018 இல் மெடோவே என்ற பெயரில் 16 கிலோமீற்றர் பசும்பாதையாக்கும் திட்டமாக அறிவித்தார்கள் அல்லவா, அதை அண்டியும் அப்படித் தோட்டங்கள் உள்ளன. கிவெண்டேல் தோட்டம் அவற்றில் ஒன்று. விண்ணப்பித்து வரிசையில் காத்திருக்க வேண்டும், அதனால் இன்றைக்கே பெயரைப் பதிந்து வையுங்கோ. இரண்டு மூன்று குடும்பம் ஒரு துண்டைப் பங்கு போட்டால் தண்ணீர் விடுகிற முறையையும் பங்கு போடலாம்.

இனி நூல் பாதி. இதற்கும் நாள் தேடத் தேவையில்லை. விஜயதசமி தாங்க்ஸ்கிவிங்கை ஒட்டித்தான் வருகிறது. ஆயுதங்களைப் பூசையில் வைத்து, பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். ஊசியையும் கத்தரிக்கோலையும் பூசையில் வைத்து, அன்றைக்கே முதற் கண்ணியைப் போடுங்கோ. முதல் வேலை ஒரு பிள்ளையின் தொப்பியாக இருக்கட்டும். நடுத்தடிப்பு நூல், ஐந்து மில்லிமீற்றர் ஊசி, சுமார் எழுபது கண்ணி. நூறு கிராம் உருண்டை ஒன்று போதும். பிள்ளைகளின் சாமானுக்கு அக்ரிலிக் நூல் நல்லது, மெசினில் தோய்க்கலாம். சுத்தக் கம்பளியைச் சுடுதண்ணீரில் தோய்த்தால் சுருங்கித் தடித்துவிடும்.

"ஓலை இல்லாத நாட்டிலே பன்ன வேலை எப்படி?" என்று அம்மம்மாமார் கேட்கக்கூடும். எல்லார் அலுமாரியிலும் கட்டாத பழைய பருத்திச் சேலை கிடக்கிறது. அதை இரண்டு விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்தால் அதுதான் உங்கள் ஓலை. தடுக்கு இழைக்கிற மாதிரி ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இழைத்து, ஓரத்தை மடித்துப் பொத்திவிட்டால் வாசலுக்கு நல்ல மிதியடி. ஸ்னோ சப்பாத்து வைக்க இதைவிட என்ன வேண்டும்? நூலும் வாங்க வேண்டாம், ஊசியும் வாங்க வேண்டாம்.

இந்த நாட்டின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், கவிச்சன் என்ற முதற்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெண்கள் முற்காலத்தில் மலையாட்டு உரோமத்தால் போர்வை நெய்தவர்கள். ஐரோப்பியர் வந்தபின் நிலமும் வாழ்க்கையும் மாறின. அவர்கள் செம்மறிக் கம்பளியை எடுத்து, ஊசியால் பின்னப் பழகி, தடித்த சுவெற்றர் பின்னினார்கள். இன்று அது உலகறிந்த சாமான். பொருளும் மாறியது, கருவியும் மாறியது, கை மறக்கவில்லை. சேலைக்கரையில் தடுக்கு இழைப்பதும் அதே வழிதான்.

தைப்பொங்கல் வந்தால் நூல் பாதியில் நடுவழிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு காரியம்: அரைகுறையாய்க் கிடக்கிற பின்னலை முடிப்பது, வருகிற கோடைக்கு வேண்டிய விதையை எழுதி வைப்பது. மாசியில் விதை தேடுங்கோ. பங்குனியில் கோப்பை, சித்திரையில் முளை. இப்படி ஒன்று முடிய மற்றது தொடங்கும்.

இனி அன்றாட வீட்டு வேலை. இதிலே ஐயாமாருக்கும் பங்கு உண்டு, சிரிக்க வேண்டாம்! ஊரில் பனையேறி ஓலை வெட்டியவர் ஆண்பிள்ளை, இழைத்தவர் பெண்பிள்ளை. தனியே ஒருவர் கையில் ஒரு பெட்டியும் உருவாகவில்லை. ஆகவே இங்கேயும் மண் சுமக்கிறதும் வாளி துளைக்கிறதும் அப்பாவுக்கு, தண்ணீர் விடுகிறது பிள்ளைக்கு. சமைக்கிற பொறுப்பு முழுக்க ஒருவர் தலையில் இருக்கிற வீட்டில் தோட்டமும் வராது, பின்னலும் வராது. கைவேலைக்கு ஒரு நாளில் அரை மணித்தியாலம் போதும். ஆனால் அந்த அரை மணித்தியாலம் எல்லாருக்கும் தெரிந்த நேரமாக இருக்க வேணும். ஒரு நேரத்தில் ஒரு பின்னல், அது முடிந்தபிறகு மற்றது.

கடைசியாக, இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு கரிசனை என்று சொல்கிறேன்.

கீழே ஸ்னோ, மேலே பன்னிரண்டாம் மாடி, நடுவிலே ஓர் அம்மம்மா. இதை எங்கள் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். ஊரிலே நாள் முழுக்கக் கை ஓயாமல் இருந்தவர். இங்கே நவம்பர் தொடங்கி மார்ச் வரை ரெலிவிஷனுக்கு முன்னால் இருக்கிறார். மகளும் மருமகனும் அன்பாகத்தான் சொல்கிறார்கள், "நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ அம்மா, சும்மா இருங்கோ" என்று. அந்தச் "சும்மா"தான் அவரை வருத்துகிறது. "நான் ஆருக்கும் பாரம்" என்ற நினைப்பு அப்படித்தான் வருகிறது. மாரிக்காலத்தின் இருட்டு மனச்சோர்வைக் கூட்டும் என்பது வைத்தியர்களும் சொல்வது. சோர்வு கூடினால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கோ, கைவேலை அதற்கு மருந்து அல்ல. ஆனால் வீட்டுக்குத் தேவையான ஒரு வேலையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கோ. பொழுதுபோக்குக்காக அல்ல, உண்மையாகத் தேவை என்று கொடுங்கோ. "அம்மா, பேத்திக்குத் தொப்பி இல்லை" என்று சொல்லுங்கோ.

அந்தப் பேத்தியையும் பக்கத்தில் இருத்துங்கோ. பிள்ளைகளோடு தமிழில் என்ன கதைப்பது என்று தவிக்கிற வீடுகள் எத்தனை! கையில் வேலை இருந்தால் கதை தானாக வரும். "கண்ணியை எண்ணு", "இதை மடி", "ஓரத்தைப் பொத்து", "இன்னும் ஒருக்கால் இழை". வார்தல், இழைத்தல், பொத்துதல் எல்லாம் புத்தகத்தில் படித்து வருகிற சொற்கள் அல்ல. கை செய்தால்தான் வாய் சொல்லும். கை நின்றால் சொல்லும் நிற்கும்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் வெளிக்கிட்டபோது வளவைக் கொண்டுவர முடிந்ததா? கிணற்றை, பனையைக் கொண்டுவர முடிந்ததா? நின்ற பனைகளிலும் எத்தனையோ பதுங்குகுழிக்குத் தறிபட்டுப் போயின. எங்களோடு கடல் கடந்து வந்தது கைப்பழக்கம் ஒன்றுதான். அதுவும் இன்று பெரும்பாலும் அறுபது, எழுபது வயது தாண்டியவர்களின் விரல்களில்தான் இருக்கிறது. பனையை இன்னும் நடலாம், ஊரில் நடுகிறார்கள். கைப்பழக்கத்தை அதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்துதான் எடுக்க வேணும். அவர்கள் எங்களோடு இருக்கிற இந்த மாரிகள் கணக்குக்கு உட்பட்டவை.

புத்தாண்டு அன்று சுபநேரம் பார்த்துப் பெரியவர்கள் கைவிசேடம் தருவார்கள். இந்த முறை அந்தக் காசோடு நாலு பாகல் விதையையும் பிள்ளையின் கையில் வையுங்கோ. அன்றைக்கே கோப்பையில் போடட்டும். விஜயதசமிக்கு ஒரு நூலுருண்டை தருவதாகவும் இப்போதே சொல்லி வையுங்கோ.

எல்லோர் வீட்டிலும் பொங்கலும் பொலிவும் பெருகட்டும்.