வகுப்பறையில் சமநீதி
(லாங் ஐலண்ட் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆசிரியப் பணியில் அண்மையில் அடியெடுத்து வைத்த எங்களை இப்பொருள் பற்றிப் பேசப் பணித்தமைக்கு நன்றி. அனுபவத்தில் இளையோமாயினும், நெஞ்சில் பட்டதை உங்கள் முன் வைக்கின்றோம்.

சமநீதியைப் பாடமாக ஓதினால் மட்டும் போதாது. பிள்ளை அமரும் இடமும் உண்ணும் பந்தியுமே அதனை அதற்குக் கற்பிக்கின்றன. வ. வே. சு. ஐயர் பெருந்தேசபக்தர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர். அவர் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி இருந்தது. 1924, 1925 ஆண்டுகளில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்தனர், தமிழகமே கொதித்தது. நாட்டு விடுதலையைக் கற்பித்த பள்ளியிலேயே பந்தி வேறொன்றைக் கற்பித்துவிட்டது.

அதற்கு முன்பே, 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைச் சிறுவர்க்குப் பகலுணவு வழங்க முடிவு செய்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. பசி தீர்ந்ததோடு, பிள்ளைகள் ஒரே பந்தியில் அமரவும் வழி பிறந்தது.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். அந்தமான் நிக்கோபாருக்கெனப் பட்டியல் சாதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட ராஞ்சி மக்கள், தாயகத்தில் பழங்குடியினர். இங்கோ அப்பட்டியலில் இடம் பெறாதவர். கப்பலேறியபோதே சாதியைக் கரையில் விட்டு வந்தோம் என்று நாம் பெருமை பேசுகின்றோம். ஏட்டில் இல்லாதது வீட்டிலும் இல்லையா? திருமணப் பேச்சு எழும்போது அது எங்கிருந்து வருகின்றது? இந்தி தடுமாறும் தமிழ்ப் பிள்ளையைப் பிறர் எள்ளினால் நம் நெஞ்சு வேகின்றது. அதே நாம் ராஞ்சிப் பிள்ளையை எவ்வாறு குறிப்பிடுகின்றோம்?

ஆதலின் எங்கள் வகுப்பறைக்குச் சில நெறிகளை வகுத்துள்ளோம். வாரந்தோறும் இருக்கைகள் மாறும். அறையைப் பெருக்குவதும் குடிநீர் கொணர்வதும் ஆண், பெண், அலுவலர் பிள்ளை, கூலியாள் பிள்ளை என்ற வேறுபாடின்றி முறை வைத்து நடைபெறும். ஒவ்வொருவரையும் அவரவர் பெயர் சொல்லியே அழைப்போம். முதல் வினா கடைசி வரிசைக்கே செல்லும். பிற மொழியில் விடை வராத பிள்ளையை மந்தமென்று தள்ளாது, அதன் தாய்மொழியில் கேட்டுப் பார்ப்போம். நோட்டுப் புத்தகம் இல்லாது வந்த பிள்ளையை வகுப்பின் நடுவே நிறுத்திக் காரணம் கேளோம். தனியே அழைத்துக் கேட்போம்.

இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் நாள்தோறும் நிகழ்வன. பிள்ளையின் நெஞ்சில் படிவன.

பெற்றோர்களே! நாங்கள் பகலில் நட்டதை இரவில் பிடுங்கிவிடாதீர்கள். உங்கள் மகன் எவர் வீட்டில் தண்ணீர் குடித்தான் என்று கேளாதீர்கள். எவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று கேளுங்கள். அவன் தோழனை, அவன் எவ்வினத்தவனாயினும், உங்கள் திண்ணையில் அமர்த்தி உணவிடுங்கள். அப்பந்தியே எங்கள் வகுப்பறைக்கு வலிமை தரும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை! வணக்கம்.